முப்பத்தொரு கடைசித் தாள்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், எழுதினால்தானே தெரியும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பலூன் விடுகிறேன், காற்றை அளக்கிறேன் என்று ஈரத்திலேயே நிற்காதே.

ஒரு சேதி. எனக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கே என்று சொல் பார்ப்போம். நம் பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நீ தவம் கிடந்த அதே நூலகம். அதே இரும்புக் கதவு, தள்ளினால் அதே முனகல். மின்விசிறிகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் விடுதியில் தங்கி நூலகர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நீ இங்கேதான் வளர்ந்தாய் என்று அம்மா சொல்வாள்.

உன் ராக்கெட் அலமாரி அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கில விஞ்ஞான நாவல்கள், மொத்தம் முப்பத்திரண்டு. அட்டைகளில் வெள்ளி நிறக் கப்பல்கள், மூன்று நிலா, கண்ணாடிக் குடம் கவிழ்த்த தலையோடு மனிதர்கள். ஆசையாக ஒன்றை எடுத்துப் புரட்டினேன். கடைசித் தாள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். முப்பத்தொன்றில் கடைசித் தாள் இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் இருக்கிறது.

பழைய இருப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். இருபத்தேழு வருடத்துக்கு முன் சிவப்பு மையில் ஒரு வரி: "கடைசித் தாள்கள் திருடப்பட்டுள்ளன. குற்றவாளி: பைண்டிங் ஊழியர். பணிநீக்கம்." பசைக்காரரை நினைவிருக்கிறதா? எப்போதும் விரல் நுனியில் பசை காய்ந்திருக்குமே, அவர்தான். இப்போதும் தினமும் வருகிறார். செய்தித்தாள் படித்துவிட்டுப் போய்விடுவார். ஆங்கிலப் பகுதிக்குள் காலை வைப்பதில்லை.

சேதமான புத்தகங்களைக் கழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எனக்கு மனசு வரவில்லை. இந்த முப்பத்திரண்டையும் கரைத்துக் குடித்தவன் நீ. உனக்கு ஏதாவது தெரியுமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. உனக்கு இரத்த அழுத்த மாத்திரை முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்.

இந்தத் தீவு வானிலை நிலையத்தில் எழுத என்ன இருக்கிறது? காலையில் ஒரு பலூன், மாலையில் ஒரு பலூன். நடுவில் மழைமானியைப் பார்க்க வேண்டும். நானும் இன்னொருவரும் மட்டும்தான். அவர் சமையல் எனக்குப் பிடிக்காது, என் சமையல் அவருக்குப் பிடிக்காது, ஆகவே சண்டை இல்லை. போன வாரம் ஒரு கடற்பறவை காற்றுமானியின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்றைக்குக் காற்றே இல்லை என்று பதிவாகிவிட்டது.

உனக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்ததில் சந்தோஷம். வீடு ஈரம் இல்லாததாகப் பார்த்து எடு.

அந்தப் புத்தகங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. பழசு. கழித்துவிடு அக்கா.

அன்புடன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். மாத்திரை தீரவில்லை.

கழித்துவிடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அட்டையில் எறும்பு ஊர்ந்தாலும் ஊதித் தள்ளியவன், காகிதத்தில் கறை படும் என்று சாப்பிடும்போது பக்கத்தை முழங்கையால் புரட்டியவன் நீ. தீவுக்காற்று மனிதனை இப்படியா மாற்றும்? போகட்டும்.

நேற்று பசைக்காரரோடு பேசினேன். நானாகத்தான் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் செய்தித்தாளை இறக்கவே இல்லை. பதிவேட்டைப் பார்த்தேன் என்றதும் மெல்ல மடித்து வைத்தார்.

"நான் எடுக்கலைம்மா. எடுத்து நான் என்ன பண்ணப்போறேன்? எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்து மட்டுந்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் உங்க மேல சொன்னாங்க?"

"தாளை உருவின விதம் அப்படி. கிழிச்சதில்லை அது. தையல் நூலை நனைச்சு இடுக்குல வெச்சுப் புத்தகத்தை மூடிடணும். கொஞ்ச நேரத்துல தாள் ஊறிப்போகும். இழுத்தா சத்தமில்லாம வந்துடும். ஒட்டின தாளைப் பிரிக்க நாங்க பண்ற வேலை. இந்தக் கட்டடத்துலயே அது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். அதிகாரி அதையேதான் கேட்டார், உனக்குத் தெரியாம யாருய்யான்னு. யாருன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது."

அவருக்கு ஒரு மகள். அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் "புத்தகத் திருடன் மக" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இந்த நூலகம் இருக்கிற தெரு வழியாகக்கூட அவள் நடப்பதில்லையாம்.

"வேலையைத் திருப்பிக் கேக்கலைம்மா. அந்த வரியை மட்டும் அடிச்சுக் குடுங்க. எனக்கு எழுபத்துமூணு ஆச்சு" என்றார்.

மண்டல அதிகாரியிடம் கேட்டுவிட்டேன். பழைய பதிவேடுகள் எல்லாம் ஜூன் முப்பதாம் தேதி முத்திரை வைத்துத் தலைமை அலுவலகக் கிடங்குக்குப் போகின்றன. அதற்குள் ஆதாரத்தோடு அறிக்கை கொடுத்தால் அடிக்கலாமாம். அப்புறம் முடியாது. நான் எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஒரு மனுஷன் சாகக்கூடாது.

கிளம்பும்போது உன்னை விசாரித்தார். "அந்த ராக்கெட் பையன் எங்கேம்மா இருக்கான்? என் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்" என்றார். சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

ஈரத்தில் நிற்காதே.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடல் சரியில்லை, மூன்று வாரமாகத் தபால் படகு வரவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் தூக்கம்தான் பிடிக்கவில்லை.

அந்த விஷயத்தில் நீ ரொம்ப மெனக்கெட வேண்டாம். இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. யார் எடுத்தார்கள் என்று இனி எப்படித் தெரியும்? எலியாகக்கூட இருக்கலாம். அதிகாரிகளிடம் மோதி உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடப் போகிறது.

பசைக்காரர் உடம்பு எப்படி இருக்கிறது? கண் தெரிகிறதா? அந்த மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

இங்கே இன்றைக்கு வானம் தெளிவு. பலூன் வெகு உயரம் போனது.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். தூக்கம் வராவிட்டால் பகலில் படுக்காதே.

எலியா? முப்பத்தொரு புத்தகத்திலும் கடைசித் தாளை மட்டும், அதுவும் நேர்கோட்டில் தின்கிற எலி இருந்தால் அதற்கு நூலகத்திலேயே வேலை போட்டுக் கொடுக்கலாம்.

பசைக்காரருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. கைதான் நடுங்குகிறது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பாவைத் தன்னோடுதான் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னோடு வேலை பார்க்கிறவரின் மனைவி இந்த ஊர்தான் என்பது உனக்குத் தெரியுமே. சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தாள். "அவர்கிட்ட இருந்து வாராவாரம் லெட்டர் வந்துடுதுக்கா, இந்த வருஷம் கடல் நல்லா இருக்காம்" என்றாள். உனக்கு எழுத மனசில்லை என்றால் எழுத மனசில்லை என்றே எழுது. படகின் மேல் பழி போடாதே.

இங்கே வேலை நடக்கிறது. உருவிய தாள்களைப் பசைக்காரர் மற்ற புத்தகங்களின் முதுகுக்கு உள்ளே ஒட்டுவதற்குப் பயன்படுத்திவிட்டார் என்பதுதான் அப்போதைய குற்றச்சாட்டு. பைண்டிங் செய்யும்போது முதுகுத்துணிக்குக் கீழே பழைய காகிதம் வைத்து ஒட்டுவார்களாம். அவர் கையால் கட்டிய பன்னிரண்டு புத்தகங்களை எடுத்து, அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு முதுகைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் பழைய செய்தித்தாள்தான். ஒரு நாவல் தாள்கூட இல்லை. தான் போட்ட தையலைத் தானே அறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரிக்கு அது போதவில்லை. "இங்க இல்லைன்னா வேற எங்கயாவது வெச்சிருப்பாரு" என்கிறார். எடுத்தவர் யார் என்று தெரிந்தால்தான் அடிப்பாராம்.

புத்தகங்களையாவது காப்பாற்றலாம் என்று பக்கத்து மாவட்ட நூலகத்துக்கு எழுதினேன். இதே நாவல்களில் மூன்று அங்கே முழுசாக இருக்கின்றனவாம். இரவல் அனுப்புகிறார்கள். கடைசிப் பக்கங்களை என் கையால் எழுதி ஒட்டிவிடப் போகிறேன். அதிலே அம்மா எனக்குச் சொன்ன கதை ஒன்றும் இருக்கிறது. நான் விடுமுறைக்கு வந்தபோது, படுத்த படுக்கையாக இருந்துகொண்டு, அவளே போய்விட்டு வந்தவள் மாதிரி சொன்னாளே, செவ்வாய்க்குத் தனியாகப் போனவன் கதை.

பதில் போடு.

உன் அக்கா


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் உன்னோடு வேலை பார்க்கிறவரின் மனைவி மூலம் தெரிந்துகொண்டேன்.

இரவல் புத்தகங்கள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், செவ்வாய்க்குப் போனவன் கதையின் கடைசித் தாளை எழுத உட்கார்ந்தேன். என் ஆங்கிலம் உன்னுடையது போல ஓடாது. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகத்தான் படித்தேன்.

அவன் திரும்பவில்லை. இயந்திரம் பழுதாகிவிடுகிறது. சாயங்காலம் வரைக்கும்தான் காற்று இருக்கிறது என்று தெரிந்து, ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு, பூமி புள்ளியாக எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதோடு முடிகிறது.

அம்மா எனக்குச் சொன்ன முடிவு வேறு. அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். வாசலில் காலைத் துடைக்காமல் உள்ளே வந்துவிட்டான். தரையெல்லாம் செம்மண். "இத்தனை தூரம் போய் இதைக் கத்துக்கலையா" என்று பெண்டாட்டி துடைப்பத்தோடு நின்று திட்டினாளாம். அதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் சிரித்தாள்.

நம் வீட்டில் காலைத் துடைக்காமல் உள்ளே வந்து தினமும் திட்டு வாங்கியது யார்?

மற்ற இரண்டையும் படித்தேன். அவையும் அப்படித்தான். அம்மா எனக்குச் சொன்ன கதைகளிலெல்லாம் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜூன் முப்பதுக்கு ஐம்பது நாள் இருக்கிறது. அறிக்கையில் நான் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

நான்தான்.

மூன்று மாதமாக இந்த ஒரு சொல்லை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியாகிவிட்டது. இனி மீதியைச் சொல்லலாம்.

நீ விடுதியில் இருந்தாய். அப்பா ஆலைக்குப் போய்விடுவார். பள்ளி விட்டு வந்ததும் அம்மா பக்கத்தில் நான்தான். வீட்டுப்பாடத்தைப் படித்துக் காட்டினால் தூங்கிவிடுவாள். ஒருநாள் ராக்கெட் நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தூங்கவில்லை. "அப்புறம்?" என்றாள். அன்றிலிருந்து தினமும் அதுதான். ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம் என்பது விதி. பசைக்காரர் எனக்கு இரண்டு கொடுப்பார், வீட்டில் அம்மா கேட்கிறாள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

உனக்குத் தெரியும், அந்தக் காலத்து நாவல்களில் முடிவு நல்லதாக இருக்காது. சூரியன் அணைந்துவிடும், கப்பல் தொலைந்துவிடும். அம்மா அந்த மனிதர்களைப் பற்றி நம் தெருக்காரர்களைப் போலக் கவலைப்படுவாள். எனக்கு அவளிடம் "செத்துப்போனான்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே திருப்பி அழைத்து வந்தேன். எல்லோரையும்.

ஊசி போட வருகிற நர்ஸம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஒருநாள் அம்மாவின் தலைமாட்டில் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாரும் செத்துல்ல போறாங்க" என்றார். அம்மா அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நர்ஸம்மாதான் தவறாகப் படித்துவிட்டார் என்று சாதித்தேன். மறுநாள் முதல், கடைசித் தாள் இல்லாத புத்தகம்தான் வீட்டுக்குள் வந்தது. அம்மா மறுபடி கேட்டால் என்று, முன்பு சொல்லி முடித்தவற்றிலிருந்தும் உருவிவிட்டேன். நூலை நனைத்து வைக்கும் வித்தையைப் பசைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருந்தேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒளித்துவைக்கவும் இல்லை.

கடைசிப் புத்தகத்தில் தாள் ஏன் இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். ஒரு செத்த நிலாவில் தனியாக மாட்டிக்கொண்ட வானொலிக்காரன் கதை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒண்ணையாவது உள்ளபடி சொல்லுடா. இத்தனை பேருமா வீடு திரும்புவாங்க?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பையில் ஒளித்து வைத்திருந்த தாளை எடுத்து உள்ளபடியே படித்தேன், அதை மட்டும் மறுநாள் திரும்ப ஒட்டிவிட்டேன். பதில் வராது என்று தெரிந்தும் அவன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்கிறான். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "பாவம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பயப்படலை பாரு" என்றாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

இதெல்லாம் பதினாலு வயதில் செய்தது. இதற்கு யாரும் என்னை மன்னித்துவிடுவார்கள். அடுத்ததுதான் என் குற்றம்.

மறுவருடம் கணக்கெடுப்பில் கண்டுபிடித்தார்கள். பசைக்காரரை வேலையைவிட்டு எடுத்த அன்று நான் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பையோடு படியிறங்கி வந்தார். நடந்தது என்ன என்று எனக்கு முன்பே தெரியும். "இனிமே ரெண்டு குடுக்க ஆள் இல்லடா, ஒண்ணொண்ணா படி" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்று அப்போது சாக்கு வைத்திருந்தேன். அப்புறம் அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை, பழகிவிட்டது.

முப்பத்தொரு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் பிஸ்கட் டப்பாவோடு வந்துவிடும். இதோடு தனித்தாளில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதிகாரியிடம் கொடு. பசைக்காரரிடம் நீயே சொல்லிவிடு. என்னால் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். அம்மா எனக்குச் சொன்ன முடிவுகள் பொய் என்று அவளுக்குத் தெரிந்தே சொல்லியிருக்கிறாள். நீ அவளுக்காகச் செய்ததை அவள் எனக்காகச் செய்திருக்கிறாள். கூட இருந்து பார்த்துக்கொள்ளாத மகளுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

அப்புறம் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. "கழித்துவிடு" என்று எழுதினாயே. அந்தப் புத்தகங்களோடு அவரையும் சேர்த்துக் கழித்துவிடத்தானே சொன்னாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய், அதுவும் என் இலையிலேயே.

மத்தியானம் செய்தித்தாள் மேஜையில் வேறு யாரும் இல்லை. உன் கடிதத்தைப் பசைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கையைப் பிடித்துக் கேட்ட இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"என் வேலை போனது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லைங்க. அம்மா அதுக்கு முன்னாலயே போயிட்டாங்க."

"நல்லது" என்றார். எழுந்து போய்விட்டார். மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே இருந்தது. ஐந்து நாளாகிறது, அதை எடுக்கக்கூட வரவில்லை. மழை பெய்தாலும் வருகிற ஆள்.

வாக்குமூலத்தை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். தாள்களைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். நீ தபாலில் அனுப்பலாம். அது உன் இஷ்டம்.

அக்கா


ஜூன் 14

ராக்கெட் பையனுக்கு,

கை நடுக்கத்தில் எழுத்து கோணலாக இருக்கும். கூட்டிப் படித்துக்கொள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சௌக்கியமா என்று கேட்பது மரியாதை, ஆகவே கேட்கிறேன்.

உன் அக்கா உன் கடிதத்தைப் படித்தார்கள். பத்து நாள் யோசித்தேன். நீ அம்மாவுக்காகச் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானே உருவிக் கொடுத்து, காரியம் முடிந்ததும் ஒட்டியும் வைத்திருப்பேன். நூலை வைத்த வேலை சுத்தமாக இருக்கிறது. என்னாலேயே குற்றம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் என்னைப் பிடித்தார்கள்.

படிக்கட்டில் நீ தலையை ஆட்டினாய். அதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அன்றைக்கு எனக்காக அழுகிறாயோ என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டியிடம், அந்தப் பையன் ஒருத்தன்தான் என்னை நம்புகிறான் என்று சொன்னேன். அவள் அந்த நினைப்போடுதான் செத்தாள்.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். அது தபாலில் போகிற சாமான் இல்லை. எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். முப்பத்தொரு தாளையும் எடுத்துக்கொண்டு நீ நேரில் வர வேண்டும். பசை நான் காய்ச்சுகிறேன், ஒட்டுவது நீ. என் மகளிடம் போய், நான் கூட இல்லாமல், நீ ஒருத்தனாக நின்று, எடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

பழைய டப்பாவில் இருந்த தாள் சுருண்டிருக்கும். மேலே கனம் வைத்து நிமிர்த்திக் கொண்டு வா.

பசைக்காரன்


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். படகு கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. பேருந்தில் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு ஆயிற்று.

நான்கு நாளும் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அவர் என்னிடம் "பசை அதிகம்", "குறைச்சு வை", "ஓரத்தைத் தட்டு" என்பதற்குமேல் பேசவில்லை. பதினேழாவது புத்தகத்தில் கோணலாக ஒட்டிவிட்டேன். பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னார். நூலை நனைத்து அவரே வைத்தார். அப்போது மட்டும் அந்தக் கை நடுங்கவில்லை, கவனித்தாயா?

நீ பார்க்காததைச் சொல்கிறேன். நேற்று அவர் மகள் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று என்னென்னவோ நினைத்துப் போனேன்.

"மூணாங்கிளாஸ்ல என் பையைச் சோதனை போட்டுத்தான் வகுப்புக்குள்ள விடுவாங்க, தெரியுமா?" என்றாள்.

"தெரியாதுங்க."

"இப்பத் தெரிஞ்சுக்கங்க" என்றாள். பிறகு, "சரி. கேட்டுட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. நான்தான் வெளியே வந்து சாத்தினேன்.

இனிமேல் வாராவாரம் எழுதுகிறேன். படகு ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

உன் தம்பி


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நான் சுகம். முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறாயா? உன் டப்பாவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஜூன் முப்பது காலையில் அதிகாரி வந்தார். முப்பத்தொன்றையும் புரட்டிப் பார்த்தார். சிவப்பு வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "தவறான குற்றச்சாட்டு, ஊழியர் நிரபராதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பசைக்காரர் மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். மத்தியானம் பதிவேடு வண்டியேறிவிட்டது.

அவர் இப்போது ஆங்கிலப் பகுதிக்கும் வருகிறார். படிக்கத் தெரியாது. ராக்கெட் அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அட்டைப்படம் பார்க்கிறார். உன்னைப் பற்றி நான் எடுத்தால்தான் பேச்சு. நேற்று அவராகவே, "அந்தப் பதினேழாவது இப்ப நேரா நிக்குது" என்றார். அதை உனக்கு எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை ஒரு பெண் வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கையில் இருந்த பையை எனக்கு முன்னால் மேஜைமேல் வைத்து, நான் கேட்காமலே திறந்து காட்டினாள். இங்கே அதெல்லாம் வேண்டாம் என்று பையை மூடிக் கொடுத்தேன். உறுப்பினர் படிவத்தில் தகப்பனார் என்ற இடத்தை நிரப்பியபோதுதான் யார் என்று தெரிந்தது. அவர் அப்போது நாற்காலியில்தான் இருந்தார். மகளைப் பார்த்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் நேராக ராக்கெட் அலமாரிக்குப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்குப் போனவன் கதை. நான் தேதி முத்திரையை எடுப்பதற்குள் அவள் புத்தகத்தைத் திருப்பிக் கடைசித் தாளைப் பிரித்தாள். ஒட்டின இடத்தை நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தாள். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

பதினைந்து நாள் கெடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். மழையில் நிற்காதே.

உன் அக்கா